டாப்பியோகா: ஓர் ஆங்கிலச் சொல்லின் ஒலியசைப் பிரிப்பும் உச்சரிப்பும்

டாப்பியோகா என்பது மரவள்ளிக் கிழங்கையும் அதிலிருந்து எடுக்கப்படும் மாவுச்சத்தையும் குறிக்கும் ஆங்கிலச் சொல். டி, ஏ, பி, ஐ, ஓ, சி, ஏ என்னும் ஏழு எழுத்துகளால் எழுதப்படும் இச்சொல்லில் நான்கு ஒலியசைகள் உள்ளன. அவற்றுள் மூன்றாவதாக வரும் 'ஓ' முதன்மை அழுத்தம் பெறுகிறது. முதல் ஒலியசைக்குச் சிறிது அழுத்தம் உண்டு. இரண்டாவதும் நான்காவதும் மெலிந்து ஒலிக்கும்.

கள்ளக்குறிச்சி மாவட்டத்தில் சின்னசேலம் வட்டாரத்திலும் கல்வராயன் மலைச் சரிவுகளிலும் மரவள்ளி முக்கியமான பணப்பயிர். சேலம் வட்டாரத்தில் இதைக் குச்சிக் கிழங்கு என்றும், தென் மாவட்டங்களில் கப்பக் கிழங்கு என்றும் சொல்வர். வயலில் நிற்கும்வரை மரவள்ளி என்றே வழங்கும் இப்பயிர், வேளாண்மைப் பாடநூலுக்கும் ஆலைக் கணக்குக்கும் வெளிநாட்டு வணிகத்துக்கும் போகும்போது டாப்பியோகா ஆகிவிடுகிறது. மலையிலிருந்து இறங்கி வேளாண்மை படிக்கப் போகும் மாணவர், தம் வீட்டுக் கொல்லையில் விளைவதன் பெயரையே ஆங்கிலத்தில் சொல்லக் கூசி நிற்கும் நிலை ஏற்படக்கூடாது. தமிழ் மாணவர்கள் பலர் இதை மூன்று ஒலியசைச் சொல் என்று எண்ணுவதற்குக் காரணம் உண்டு. அந்தக் காரணம் அறியாமை அன்று. அவர்கள் தமிழ் வகுப்பில் ஒழுங்காகப் படித்த யாப்பிலக்கணமே அது.

சொல்லின் பிறப்பு

டாப்பியோகா பிறப்பால் ஆங்கிலச் சொல் அன்று. பிரேசில் நாட்டுப் பழங்குடியினரின் தூப்பி மொழியில், கிழங்கைப் பிழிந்து எடுக்கும் மாவைக் குறித்த சொல் போர்த்துக்கீசிய மொழி வழியாக ஆங்கிலத்துக்கு வந்தது. பயிரும் தென் அமெரிக்காவிலிருந்து வந்ததே. திருவிதாங்கூரில் 1880 முதல் 1885 வரை ஆண்ட விசாகம் திருநாள் மன்னர் மக்களிடையே இதைப் பரப்பினார். 1940களில் போரின் காரணமாகக் கீழை நாடுகளிலிருந்து சவ்வரிசி வருவது நின்றபோது, சேலத்தில் மரவள்ளி மாவிலிருந்து சவ்வரிசி செய்யும் தொழில் வளர்ந்தது. சேலத்தில் 1981இல் தொடங்கப்பட்ட சேகோசர்வ் என்னும் கூட்டுறவுச் சங்கம் இத்தொழிலின் விற்பனை மையமாக உள்ளது. சேலம் சவ்வரிசி 2023இல் புவிசார் குறியீடு பெற்றது.

ஆங்கிலத்தில் செடிக்கும் கிழங்குக்கும் கசாவா என்றும், அதன் மாவுக்கு டாப்பியோகா என்றும் வேறுபாடு காட்டுவர். இந்திய ஆங்கிலத்தில் கிழங்கையும் டாப்பியோகா என்று சொல்வது வழக்கமாகிவிட்டது. தைவானில் தோன்றி இன்று பல நாடுகளில் விற்கும் முத்துத் தேநீரில் மிதக்கும் உருண்டைகளும் இந்த மாவால் ஆனவையே. எனவே வெளிநாட்டில் வாழும் தமிழ்ப் பிள்ளைகளுக்கும் இச்சொல் பழக்கமானதுதான்.

எழுத்தை எண்ணுவதா, ஒலியை எண்ணுவதா?

ஒலியசை என்பது ஓர் உயிரொலியைச் சுற்றி அமையும் ஒலித்துண்டு. ஒரு சொல்லைச் சொல்லும்போது எத்தனை உயிரொலிகள் காதில் விழுகின்றனவோ அத்தனை ஒலியசைகள் அச்சொல்லில் உண்டு. இதில் கவனிக்க வேண்டியது, உயிரெழுத்து வேறு, உயிரொலி வேறு என்பதே. தமிழில் எழுதியபடி படிக்கலாம். ஆங்கிலத்தில் அப்படி இல்லை. ஆங்கில எழுத்துகளில் ஏ, ஈ, ஐ, ஓ, யூ என்னும் ஐந்தையும் எண்ணி விடை எழுதும் மாணவர் சில சொற்களில் தப்பித்துப் பல சொற்களில் மாட்டிக்கொள்வார்.

ஐ, ஓ என்ற இரண்டு எழுத்துகளையே எடுத்துக்கொள்ளலாம். டாப்பியோகாவில் இவை அடுத்தடுத்து வருகின்றன. அங்கே இரண்டும் தனித்தனியாக ஒலிக்கின்றன; ஆகவே இரண்டு ஒலியசைகள். ஸ்டேஷன் என்ற சொல்லிலும் இதே எழுத்துகள் இதே வரிசையில் வருகின்றன. அங்கே இரண்டும் சேர்ந்து 'ஷன்' என்ற ஒரே ஒலியசைக்குள் அடங்கிவிடுகின்றன. வரிசையைத் திருப்பி ஓ, ஐ என்று எழுதினால் பாயிண்ட் என்ற சொல்லில் வருவது போல ஓர் உயிரிலிருந்து மற்றோர் உயிருக்கு நழுவும் ஈருயிர் ஒலியாகிறது. அதுவும் ஓர் ஒலியசையே. தமிழில் 'ஐ' என்னும் எழுத்து அகரமும் இகரமும் சேர்ந்த ஒலியை உடையதாக இருந்தும் ஓர் எழுத்தாகவே எண்ணப்படுகிறது அல்லவா, அதைப் போன்றது இது. அகரமும் இகரமும் கூடி ஐகாரம் ஆவதைத் தொல்காப்பியமே குறிப்பிடுகிறது.

ஆகவே டாப்பியோகாவில் முதலில் ஒரு 'ஆ' போன்ற ஒலி, பிறகு 'இ', பிறகு 'ஓ', முடிவில் மங்கலான 'அ'. உயிரொலிகள் நான்கு. தேர்வு மொழியில் சொன்னால் இது டெட்ராசிலபிக் வகைச் சொல்.

யாப்பசையும் ஒலியசையும்

சிலபிள் என்பதற்குத் தமிழில் அசை என்று எழுதுவது பரவலாக உள்ளது. குழப்பம் இங்கேதான் தொடங்குகிறது. தமிழ் யாப்பில் அசை இரு வகைப்படும். குறிலோ நெடிலோ தனித்தும் ஒற்றடுத்தும் வருவது நேரசை. இரண்டு குறில்கள் இணைந்தோ, குறிலை அடுத்து நெடில் இணைந்தோ, தனித்தும் ஒற்றடுத்தும் வருவது நிரையசை. பத்தாம் வகுப்பு மாணவர் குறளை அலகிட்டு வாய்பாடு எழுதும்போது இதைத்தான் செய்கிறார்.

டாப்பியோகா என்பதை அப்படி அலகிட்டால், டாப் / பியோ / கா என்று பிரியும். 'டாப்' நெடில் ஒற்றடுத்தது, நேர். 'பியோ' குறில் நெடில், நிரை. 'கா' தனி நெடில், நேர். நேர் நிரை நேர், கூவிளங்காய். அசைகள் மூன்று. தமிழ் வகுப்பில் இந்த விடைக்கு முழு மதிப்பெண் கிடைக்கும். அடுத்த மணி ஒலித்ததும் ஆங்கில வகுப்பில் இதே சொல்லுக்கு இதே விடையைச் சொன்னால் தவறு என்று அடித்துவிடுவார்கள். ஏன் தவறு என்று விளக்குவோர் குறைவு.

விளக்கம் எளிது. நிரையசைக்குள் இரண்டு உயிரொலிகள் இருக்கின்றன. யாப்பு அவற்றை ஓசை நயத்துக்காக ஒன்றாகக் கட்டுகிறது. ஆங்கிலத்தின் சிலபிள் அப்படிக் கட்டுவதில்லை. எனவே நேரசைக்கு ஒன்று, நிரையசைக்கு இரண்டு என்று கூட்டினால் ஒலியசை எண்ணிக்கை கிடைத்துவிடும். டாப்பியோகாவுக்கு ஒன்று, இரண்டு, ஒன்று; ஆக நான்கு. அக்ரிகல்ச்சர் என்பதை அக் / ரிகல்ச் / சர் என்று பிரித்தால் அதுவும் கூவிளங்காய், நான்கு. சாதிச் சான்றுக்கும் மதிப்பெண் சான்றுக்கும் அலையும்போது வாயில் புழங்கும் சர்டிபிகேட் என்ற சொல்லும் சர் / டிபி / கேட் என்று கூவிளங்காயாகவே அமைகிறது, நான்கு ஒலியசை. கசாவா என்பது கசா / வா, நிரை நேர், புளிமா, ஒலியசை மூன்று. பொட்டேட்டோ என்பது பொட் / டேட் / டோ. எல்லாம் நேர் என்பதால் இரு கணக்கும் ஒன்றே, மூன்று.

யாப்பிலக்கணத்தைப் புதிய பாடநூலில் பாரமாக நினைப்பவர்கள் உண்டு. ஆனால் அலகிடத் தெரிந்த மாணவருக்கு ஒலியைத் துண்டாக்கும் காது ஏற்கெனவே வாய்த்துவிட்டது. அவர் மாற்றிக்கொள்ள வேண்டியது நிரையை இரண்டாக எண்ணும் ஒரு பழக்கம் மட்டுமே. இக்கட்டுரையில் ஆங்கிலத்தின் சிலபிளை ஒலியசை என்றும் தமிழ்ச் செய்யுளின் அசையை யாப்பசை என்றும் வேறுபடுத்துவது இதற்காகவே.

இந்தக் கணக்குக்கு ஒரு வரம்பு உண்டு. ஆங்கிலச் சொல்லைத் தமிழ் வாய்க்கு ஏற்பத் திருத்தி எழுதும்போது, மூலத்தில் இல்லாத உயிர்கள் உள்ளே புகுந்துவிடும். அவற்றை நீக்கிய பிறகே எண்ண வேண்டும். ஸ்டார்ச், மில், பாயிண்ட் பற்றிக் கீழே வரும் பகுதி இதைக் காட்டும்.

எங்கே வெட்டுவது?

எத்தனை ஒலியசை என்பதில் அகராதிகளுக்குள் கருத்து வேறுபாடு இல்லை. எந்த இடத்தில் வெட்டுவது என்பதில் உண்டு. முதல் ஒலியசை 'டா' என்று முடிகிறதா, 'டாப்' என்று முடிகிறதா?

அச்சில் சொல்லை வரியிறுதியில் உடைக்கும் மரபுப்படி, பி என்ற எழுத்து முதல் துண்டோடு நிற்கும்: டி-ஏ-பி, பிறகு ஐ, பிறகு ஓ, பிறகு சி-ஏ. இதற்குக் காரணம், அங்கே வரும் உயிர் குறுகியது. கேட், மேப் என்னும் சொற்களில் வரும் அந்த உயிர் ஆங்கிலத்தில் சொல்லின் கடைசி ஒலியாக வருவதில்லை. பின்னால் ஒரு மெய் அதைத் தாங்க வேண்டும். அந்த இயல்பைப் பின்பற்றிப் பி முதல் துண்டில் சேர்க்கப்படுகிறது. ஒலிப்பை மட்டும் பார்த்துப் பிரிப்பவர்களோ, இடையில் வரும் ஒற்றை மெய் பின்வரும் உயிரோடு சேர்வதே இயல்பு என்று கொண்டு 'பி'யை இரண்டாம் துண்டின் தலையில் வைப்பர்.

தமிழ் இந்த வழக்கைத் தன் போக்கில் தீர்த்துவிட்டது. தமிழில் இரண்டு உயிர்களுக்கு இடையே ஒற்றைப் பகரம் வந்தால், சபை, கபடி என்பவற்றில் போல, மெலிந்த ஒலி பெறும். வல்லொலியைக் காக்க வேண்டுமானால் இரட்டிக்க வேண்டும். அதனால்தான் டாபியோகா என்று எழுதாமல் டாப்பியோகா என்று எழுதுகிறோம். அப்போது ப் முதல் துண்டுக்கும் பி இரண்டாம் துண்டுக்கும் கிடைத்துவிடுகிறது. இதே விதிப்படி கடைசி எழுத்தையும் இரட்டித்து டாப்பியோக்கா என்று எழுதுவதே சரியான வல்லொலியைத் தரும். பழக்கத்தில் ஒற்றைக் ககரமே நிலைத்துவிட்டது. ஆங்கிலம் தெரியாதவர் அதைப் பார்த்து 'யோகா' வகுப்பை நினைத்தால் அவர் மேல் பிழை சொல்ல முடியாது.

தமிழ்நாட்டுப் பாடத்திட்ட ஆங்கிலத் தேர்வுகளில் சொல்லை ஒலியசைகளாகப் பிரிக்கச் சொல்லும் வினாவும், எத்தனை ஒலியசை என்று கேட்கும் வினாவும் வந்திருக்கின்றன. விடைத்தாளில் அகராதி மரபுப்படி எழுதுவது பாதுகாப்பானது. ஆனால் வகுப்பறைப் பயிற்சியில், நான்கு என்ற எண்ணிக்கையைச் சரியாகக் கண்டு, ஓர் எழுத்தை அங்கோ இங்கோ சேர்த்த மாணவரைத் தவறு என்று சொல்வது நியாயம் ஆகாது.

'பியோ' எப்படி வந்தது?

ஆங்கில எழுத்தில் யகரம் இல்லை. ஐ முடிந்ததும் ஓ தொடங்குகிறது. தமிழில் எழுதும்போதோ 'பிஓ' என்று எழுத மனம் வருவதில்லை. உயிர் ஈற்றின் முன் உயிர் வந்தால் இடையில் உடம்படுமெய் தோன்றும் என்பதும், இகரத்தின் பின் யகரம் தோன்றும் என்பதும் தமிழ்ப் புணர்ச்சி விதி. கிளி + அழகு கிளியழகு ஆவது போல, பி + ஓ என்பது பியோ ஆகிறது.

இது பிழை அன்று. ஆங்கிலம் பேசுவோர் வாயிலும் இகரத்திலிருந்து ஓகாரத்துக்குப் போகும் வழியில் மெல்லிய யகரச் சாயல் தோன்றவே செய்கிறது. எச்சரிக்கை வேறு இடத்தில் தேவை. விரைந்து பேசும்போது 'பியோ' என்பது சுருங்கி 'ப்யோ' என்று ஒரே துண்டாகிவிடும். அப்போது டாப்-ப்யோ-கா என்று மூன்றே ஒலியசை கேட்கும். இகரத்துக்கு அதன் ஒரு மாத்திரையைக் கொடுத்துவிட்டு ஓகாரத்துக்குப் போனால் போதும்.

புறங்கையைத் தாடையின் கீழ் வைத்துக்கொண்டு சொல்லை மெதுவாகச் சொல்லிப் பார்க்கும் பயிற்சி தொடக்கப் பள்ளிகளில் உண்டு. ஒவ்வோர் உயிரொலிக்கும் தாடை சிறிது இறங்கும். இகரத்துக்கு வாய் அதிகம் திறக்காது என்பதால் டாப்பியோகாவில் இந்தச் சோதனை ஏமாற்றக்கூடும். கைதட்டி எண்ணுவது இச்சொல்லுக்கு மேலானது.

அழுத்தம் என்னும் கடினமான பகுதி

ஒலியசைகளை எண்ணுவதோடு பாடம் முடிவதில்லை. ஆங்கிலத்தில் ஒன்றுக்கு மேற்பட்ட ஒலியசை உள்ள சொல்லில் ஏதேனும் ஒன்று மற்றவற்றைவிட ஓங்கி, நீண்டு, சற்றே உயர்ந்த சுருதியில் ஒலிக்கும். அதுவே அழுத்தம். தமிழில் பொருளை மாற்றும் அளவுக்கு அழுத்தத்துக்கு வேலை இல்லை. தமிழ் குறில் நெடிலால் பொருளை வேறுபடுத்தும் மொழி. கல் வேறு, கால் வேறு. ஆகவே தமிழ்க் காது நீளத்தைத் தேடுகிறது, ஆங்கிலக் காது அழுத்தத்தைத் தேடுகிறது.

டாப்பியோகா என்று தமிழில் எழுதியதைப் பார்த்துப் படித்தால் டா, யோ, கா என்று மூன்று நெடில்கள் வரிசையாக ஒலிக்கும். மூன்றும் சம பலத்தோடு வந்தால் கேட்பவருக்கு எது தலைமையான ஒலியசை என்று பிடிபடாது. உண்மையில் நீண்டு ஒலிக்க வேண்டியது நடுவில் உள்ள ஓகாரம் மட்டுமே. முதல் உயிர் குறுகியது. பேங்க் என்று சொல்லும்போது வருமே, அந்த உயிர். கடைசி உயிர் இன்னும் குறுகியது. வாயை அதிகம் திறக்காமல், நாவை எங்கும் உயர்த்தாமல், மூச்சு விடுவது போல வெளிவரும் மங்கலான அகரம். மொழியியலில் இதற்கு ஷ்வா என்று பெயர். ஆங்கிலத்தில் மிக அதிகமாகப் புழங்கும் உயிரொலி இதுவே. ஆனால் இதற்கென்று ஓர் எழுத்து ஆங்கில நெடுங்கணக்கில் இல்லை.

தமிழ் மாணவருக்கு இது முற்றிலும் அயலானது அன்று. நாடு, காசு, பட்டு என்னும் சொற்களின் இறுதி உகரம் ஒரு மாத்திரை பெறாமல் அரை மாத்திரையாகக் குறுகுவதைக் குற்றியலுகரம் என்று படித்திருக்கிறார்கள். இதழ் குவியாமல் சோர்ந்து ஒலிக்கும் அந்த உகரத்தைப் போலவே ஆங்கிலத்தில் அழுத்தம் பெறாத உயிர்கள் சோர்ந்து ஒலிக்கின்றன. டாப்பியோகாவின் கடைசி எழுத்தைக் குற்றியலுகரத்தின் தம்பியாகிய குற்றியலகரம் என்று வேடிக்கையாகச் சொல்லிக்கொடுத்தால் குழந்தைகள் மறப்பதில்லை. இலக்கண நூல்களில் இல்லாத பெயர் என்பதையும் கூடவே சொல்லிவிட வேண்டும்.

அழுத்தம் எங்கே விழும் என்பதற்கு ஆங்கிலத்தில் முழுமையான விதி கிடையாது. ஆனால் போர்த்துக்கீசிய, ஸ்பானிய மொழிகள் வழியாக ஆங்கிலத்துக்கு வந்த உணவுப் பொருள்களின் பெயர்கள் பலவற்றில் ஒரு பொதுத்தன்மை உண்டு. கடைசிக்கு முந்தைய ஒலியசையில் அழுத்தம் விழும். பொட்டேட்டோவில் 'டே', டொமேட்டோவில் 'மே', பனானாவில் நடு 'னா', பப்பாயாவில் 'பா', கசாவாவில் 'சா', டாப்பியோகாவில் 'ஓ'. காய்கறிச் சந்தைக்குப் போய் வரும் வழியில் ஒரு நடையில் மனப்பாடம் ஆகிவிடும் பட்டியல் இது.

ஆலையில் புழங்கும் சொற்கள்

மரவள்ளியை ஆலைக்குக் கொண்டுபோகும் உழவர் டாப்பியோகா என்ற சொல்லை அதிகம் பயன்படுத்துவதில்லை. அங்கே கேட்கும் ஆங்கிலச் சொற்கள் வேறு: சேகோ, மில்லு, ஸ்டார்ச்சு, பாயிண்ட்டு. கிழங்கில் உள்ள மாவுச்சத்தைப் பாயிண்ட் கணக்கில் பார்த்து விலை வைப்பது வழக்கம் என்பதால், ஒரு குடும்பத்தின் ஓராண்டு வருவாய் அந்தக் கடைசிச் சொல்லில் தொங்குகிறது.

இவற்றுள் சேகோ இரண்டு ஒலியசை. முதலாவது அழுத்தம் பெறும். ஒற்றைக் ககரத்துக்கு இங்கே மெலிந்த ஒலியே வேண்டும் என்பதால் தமிழ் எழுத்து மூலத்துக்குப் பொருத்தமாகவே அமைந்துவிட்டது. மற்ற மூன்றும் ஆங்கிலத்தில் ஒரே ஒலியசைச் சொற்கள். தமிழ் வாயில் மில் என்பது மில்லு என்று இரண்டாகவும், ஸ்டார்ச் என்பது இஸ்டார்ச்சு என்று மூன்றாகவும், பாயிண்ட் என்பது பாயிண்ட்டு என்று மூன்றாகவும் பெருகுகின்றன.

பெருகுவதற்கும் இலக்கணக் காரணம் உண்டு. தமிழ்ச் சொல்லின் முதலில் மெய் தனித்து நிற்காது. இரண்டு மெய்கள் சேர்ந்து நிற்பதற்கு இடமே இல்லை. எனவே ஸ்டா என்று தொடங்குவதற்கு முன் ஓர் இகரம் துணைக்கு வருகிறது. ஸ்கூல் இஸ்கூல் ஆனதும் இப்படியே. அதுபோல வல்லின மெய் எதுவும் தமிழ்ச் சொல்லின் இறுதியில் நிற்காது. ச், ட் என்று முடியும் ஆங்கிலச் சொற்களுக்கு உகரம் ஒன்று ஊன்றுகோலாக வந்து சேர்கிறது. லகர மெய் இறுதியில் வரலாம் என்றாலும், கல் என்பதைப் பேச்சில் கல்லு என்பது போல மில்லும் மில்லு ஆகிறது. நடுவில் இரண்டு மெய்கள் சேரும் இடத்தில் ஓர் உயிர் புகுந்து அவற்றைப் பிரித்து வைப்பதும் உண்டு. ஒரே ஒலியசையுள்ள ஃபில்ம் தமிழில் பிலிம் என்று இரண்டாவது அதற்கு எடுத்துக்காட்டு.

ஆகவே மில்லு, ஸ்டார்ச்சு என்று தமிழ்ப் பேச்சில் சொல்வதை யாரும் திருத்த வேண்டியதில்லை. அவை தமிழாகிவிட்ட சொற்கள். ஆங்கில வாக்கியத்துக்குள் அவற்றைச் சொல்லும்போது மட்டும் இகர உகரத் துணைகளைக் கழற்றிவிட வேண்டும். டாப்பியோகா ஸ்டார்ச் என்று சேர்த்துச் சொன்னால் ஐந்து ஒலியசை. டாப்பியோகா இஸ்டார்ச்சு என்றால் ஏழு.

எதைத் திருத்துவது, எதை விட்டுவிடுவது என்பதில் ஆசிரியருக்கு ஒரு வரிசை இருப்பது நல்லது. டாப்பியோகாவின் முதல் ஒலி ஆங்கிலத்தில் நாநுனி பல்லுக்குப் பின்னுள்ள மேட்டைத் தொட்டுப் பிறப்பது. தமிழர் நாவை மேலும் வளைத்து 'ட' என்று சொல்கிறார்கள். தமிழில் சொல்லுக்கு முதலில் வராத அந்த எழுத்தை ஆங்கிலத்துக்காகவே முதலில் வைத்துச் சொல்கிறார்கள் என்பது இன்னொரு வேடிக்கை. இந்த வேறுபாட்டால் பொருள் புரியாமல் போவதில்லை; இந்திய ஆங்கிலத்தின் அடையாளம் என்று விட்டுவிடலாம். ஒலியசை கூடுவதும் குறைவதும், அழுத்தம் இடம் மாறுவதும் அப்படி அல்ல. கேட்பவர் சொல்லை அடையாளம் காண்பது அவற்றைக் கொண்டே. மொழிப் பயிற்சி நேரம் குறைவாக உள்ள பள்ளியில், வளைந்த டகரத்தைத் திருத்துவதில் ஒரு பாடவேளையைச் செலவிடுவது வீண்.

மலைப் பெயர்கள் ஆங்கிலத்துக்குப் போனபோது

ஆங்கிலச் சொல் தமிழுக்கு வரும்போது ஒலியசை கூடுகிறது. தமிழ்ச் சொல் ஆங்கிலத்துக்குப் போகும்போது என்ன நடக்கிறது என்பதற்குக் கல்வராயன் மலையின் பெயரே சான்று. கல் / வரா / யன் என்பது கூவிளங்காய்; ஒலியசை நான்கு. ஆங்கில வரைபடங்கள் பலவற்றிலும், நிலவியல், தாவரவியல் கட்டுரைகளிலும் இம்மலை கல்ராயன் என்றே எழுதப்பட்டுள்ளது. கல் / ரா / யன், தேமாங்காய், ஒலியசை மூன்று. நடுவில் இருந்த 'வ' காணாமல் போய்விட்டது. அண்டையிலுள்ள சேர்வராயன் மலை ஆங்கிலத்தில் ஷெவராய் ஆனது. நான்கு மீண்டும் மூன்றாயிற்று. ஒரே 'ராயன்' ஒரு மலையில் அப்படியே நிற்க, அடுத்த மலையில் 'ராய்' என்று முடிந்துவிட்டது.

அழுத்தம் பெறாத குறுகிய ஒலியசையை விழுங்கிவிடுவது ஆங்கிலத்தின் இயல்பு. வெஜிடபிள் என்று தமிழில் நான்கு ஒலியசையோடு சொல்வதை ஆங்கிலேயர் வெஜ்-ட-பிள் என்று மூன்றாகச் சொல்கிறார்கள். ஃபேக்டரி பலர் வாயில் ஃபேக்-ட்ரி என்று இரண்டாகிறது. எழுத்தில் உள்ள உயிர் வாயில் இல்லை. கல்வராயனில் வாயோடு எழுத்தும் சேர்ந்து தேய்ந்துவிட்டது. இன்று கள்ளக்குறிச்சி மாவட்டத்தின் வட்டப் பெயராக ஆங்கிலத்திலும் கல்வராயன் என்ற முழு வடிவம் வழங்குகிறது. இணையத்தில் தேடுவோர் இரண்டு எழுத்துக்கூட்டலையும் இட்டுப் பார்க்க வேண்டும். ஒன்றை மட்டும் தேடினால் பழைய ஆய்வுகள் பல கண்ணில் படாமல் போகும்.

2019 நவம்பர் 26 அன்று விழுப்புரத்திலிருந்து பிரிந்து தனி மாவட்டமான கள்ளக்குறிச்சியின் பெயர் வேறு வகை. கள் / ளக் / குறிச் / சி என்று நான்கு யாப்பசை. நடுவில் ஒரு நிரை இருப்பதால் ஒலியசை ஐந்து. ஆங்கில எழுத்துக்கூட்டலில் ளகரம் மட்டும் இரட்டித்து நிற்கிறது. ககர, சகர இரட்டிப்புகள் எழுத்தில் இல்லை. உயிர்கள் ஐந்தும் அப்படியே உள்ளதால் எண்ணிக்கை குலையவில்லை. தமிழ் அறியாதவர் ளகரத்தை லகரமாகவும் றகரத்தை ரகரமாகவும் சொன்னாலும், ஐந்து தட்டுகளும் இருக்கும்வரை ஊர் எது என்று விளங்கிவிடும்.

ஊர்ப்பெயர்களின் ஆங்கில வடிவத்தைத் தமிழ் ஒலிக்கு நெருக்கமாக மாற்றத் தமிழ்நாடு அரசு 2020இல் வெளியிட்ட ஆணை 1018 இடங்களுக்குப் புதிய எழுத்துக்கூட்டல் தந்தது. புதிய கூட்டல்களை எப்படி வாசிப்பது என்று எழுந்த குழப்பத்தால் சில நாள்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. தமிழ் எழுத்து ஒவ்வொன்றுக்கும் ஓர் ஆங்கில எழுத்தைத் தேடுவதால் மட்டும் ஒலி கிடைத்துவிடாது. எத்தனை ஒலியசை, எதில் அழுத்தம் என்பதை எந்த எழுத்துக்கூட்டலும் முழுமையாகக் காட்டுவதில்லை.

கல்வராயன் மலையில் வாழும் பழங்குடியினரின் பெயர் தமிழ்நாட்டுப் பட்டியல் பழங்குடிகள் வரிசையில் மலையாளி என்று உள்ளது. மலை / யா / ளி, புளிமாங்காய்; ஒலியசை நான்கு. ஆங்கிலத்தில் சொல்லும்போது கடைசிக்கு முந்தைய 'யா' அழுத்தம் பெறுகிறது, டாப்பியோகாவின் 'ஓ'வைப் போலவே. கேரள மக்களைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லுக்கும் இதே எழுத்து, இதே ஒலி, இதே அழுத்தம். மலையை ஆள்பவர் என்ற பொருளில் வழங்கும் இப்பெயரை ஒலியைக் கொண்டு பிரித்தறிய வழி இல்லை. விண்ணப்பப் படிவத்தில் தாய்மொழி என்ற கட்டத்தில் தமிழ் என்றும், இனம் என்ற கட்டத்தில் மலையாளி என்றும் எழுதும் மலைப் பள்ளி மாணவர், இரண்டும் சேர்ந்து எப்படி என்று வெளியூரில் கேட்பவருக்கு வாய் திறந்து விளக்க வேண்டியிருக்கிறது.